அம்மா ஜாடை

செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடிக் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

பெரியவள் குனிந்து உள்ளே போய்ப் பேசினாள். பேசினாள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லலாம். கழுத்துக் கட்டியை எடுத்தபோது குரல் நரம்பும் கூடவே போய்விட்டது. அன்றிலிருந்து வாயில் காற்றுதான் வரும். எதிர்முனையில் இருந்தவள் திரும்பத் திரும்ப "கேக்கலைங்க" என்றாள். கடைசியில் கணவர் போனை வாங்கிக் கேட்டுச் சொன்னார். கழுத்தில் மறுபடி ஒரு கட்டி தெரிந்ததால் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. நேரில் வரவேண்டும். முடிந்தால் வீட்டுக்காரரும் வரலாம்.

அவரால் முடியாது. மருந்துக்கடை ஒன்றின் முகப்புக் கண்ணாடியை அன்றைக்குப் பொருத்தியாக வேண்டும். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பலகை. காற்றுக்காலம் தொடங்கிவிட்டது. மதியத்துக்குமேல் அதைத் தெருவில் தூக்கினால் கண்ணாடி ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். அவரும் பெரியவளின் தம்பியும் சேர்ந்துதான் அதைச் செய்ய முடியும். பெரியவள் தனியாகப் பஸ் ஏறினாள்.

கணவருக்குக் கடையில் ரசமட்டம் என்று பெயர். சட்டம் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, அந்த ரசமட்டம். அது எப்போதும் அவர் கால்சட்டைப் பையில் இருக்கும். எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பார். வைத்த பெயர் தம்பியுடையது. மாமா டீ குடிக்கும் முன்னால் டம்ளர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார் என்பான்.

ஆஸ்பத்திரியில் அவளைச் சந்தித்தது டாக்டர் இல்லை, ஆலோசகர். சின்ன வயதுப் பெண். மேஜையில் தண்ணீரும் காகிதக் கைக்குட்டைப் பெட்டியும் இருந்தன. யார் யாருக்குக் கழுத்தில் கட்டி வந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். பெரியவள் சொல்லச் சொல்ல, பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று வரைந்துகொண்டே போனாள். தாத்தாவுக்கு இருந்தது. அப்பாவுக்கு இருந்தது. அறுத்தபோது ரத்தம் நிற்காமல் அப்பா மேஜையிலேயே போய்ச் சேர்ந்தார். அப்பாவின் தங்கைக்கும் இருந்தது.

அத்தைக்குப் பிள்ளைகள் உண்டா என்று அந்தப் பெண் கேட்டாள்.

மூன்று பையன்கள். மூன்று பேருக்கும் கழுத்து தூண் மாதிரி இருக்கும் என்றாள் பெரியவள்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

அத்தை மகன்கள் தப்பித்ததற்குப் பெரியவள் வீட்டில் ஒரு காரணம் சொல்வார்கள். அவர்கள் மூவரும் அவர்கள் அப்பா ஜாடை. கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் எல்லாமே ஜாடைதான். சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. குழந்தை பிறந்தால் கொண்டுவந்து அதன்முன் நிறுத்தி, மூக்கு இவருடையது, நெற்றி அவருடையது என்று பாகம் பிரித்துவிடுவார்கள். யார் ஜாடையோ அவர் கழுத்து என்பது வீட்டு வைத்தியம். பெரியவள் அப்பா ஜாடை. கல்யாணமான இரண்டாம் வருஷம் அவளுக்குக் கழுத்து வீங்கியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. தம்பி அம்மா ஜாடை. அவன் கழுத்தை யாரும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

"ஜாடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க" என்றாள் அந்தப் பெண். "நம்ம உடம்புல எந்த விஷயத்துக்கும் ரெண்டு பிரதி இருக்கு. அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணு. அநேகமா ரெண்டும் வேலை செய்யும். ஆனா சில இடத்துல மட்டும், இது யார்கிட்டேருந்து வந்ததுன்னு ஒரு அடையாளம் விழுந்துடுது. அந்த அடையாளம் அதுல எழுதியிருக்கிறதை மாத்தாது. உடம்பு அதைப் படிக்கணுமா வேண்டாமான்னு மட்டும் சொல்லும். உங்க குடும்பத்துல ஓடுற பழுது அப்படிப்பட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அதே இழையில இருக்கு. அப்பா குடுத்தா கட்டி வருது. அம்மா குடுத்தா வர்றதில்லை. ஏன்னு முழுசா இன்னும் புரியலை. ஆனா நடக்கிறது இப்படித்தான்."

பெரியவளுக்கு அது கடைக் கண்ணாடி வழியாகத்தான் புரிந்தது. கண்ணாடி ஒன்றுதான். பின்னால் ரசம் பூசினால் முகம் தெரியும், பூசாவிட்டால் தெரு தெரியும். பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி வேறு பூச்சு பூசலாம். அப்படியா என்று கேட்டாள். கிட்டத்தட்ட என்றாள் அந்தப் பெண். ஒவ்வொரு கை மாறும்போதும் பழைய பூச்சு அழிந்து, கொடுப்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துப் புதுப் பூச்சு விழும். அத்தை தன் பையன்களுக்குப் பழுதைக் கொடுத்திருக்கலாம். அவர்கள் கழுத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் பையன்களுடைய பிள்ளைகளைப் பார்க்க வேண்டும்.

"அதனால நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. உங்க பிள்ளைங்களுக்குக் கட்டி வராது" என்றாள்.

"எனக்குப் பிள்ளை இல்லை."

"அப்ப சரிங்க" என்றாள் அந்தப் பெண் முதலில். பிறகு பெரியவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை லேசாக நகர்த்தினாள். பெரியவள் அதை எடுக்கவில்லை. கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று அடுத்த கேள்வி வந்தது. ஒரு தம்பி. அவனுக்கு இரண்டு பெண்கள். அவர் உடனே பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண்.

பஸ் நிறுத்தத்தில் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பெரியவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பஸ்ஸை விட்டாள். அடுத்ததையும் விட்டாள்.

கழுத்தை அறுத்த பழைய டாக்டர் பாதிக்குப் பாதி என்று சொல்லியிருந்தார். பிள்ளைக்கு இது போய்ச் சேர எவ்வளவு வாய்ப்போ அதே அளவு சேராமலிருக்கவும் வாய்ப்பு. அவர் சொன்னது பொய்யில்லை. பழுது பிள்ளைக்குப் போவதைச் சொன்னார், கட்டி வருவதைச் சொல்லவில்லை. அப்போது அவருக்கே அது தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்து பல நாள் யோசித்தார்கள். யோசித்தது முக்கால்வாசி ரசமட்டம்தான். ஒரு சனிக்கிழமை, பிள்ளை வேண்டாம் என்றார். அப்படியானால் நான் ஆபரேஷன் பண்ணிக்கொள்கிறேன் என்றாள் அவள். உன் உடம்பில் ஒரு கத்தி பட்டது போதும் என்று சொல்லிவிட்டு அவரே போய்ச் செய்துகொண்டு வந்தார். இரண்டு நாள் தலையணைமேல் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. தம்பிக்குப் பெண் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவர் அவர்.

இப்போது சொல்லவேண்டியது ஒரே செய்தி. ஆனால் அதற்கு இரண்டு முனை. ஒரு முனை தம்பி பிள்ளைகளுடையது. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இன்னொரு முனை கணவருடையது. அது தெரிந்து இனி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதைச் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது தம்பியைப் பற்றிச் சொன்னாள். அவனுக்குப் பழுது இருக்கலாம், இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம்.

ரசமட்டம் ரொட்டியைக் கிழித்தவர் அப்படியே நிறுத்தினார். "எவ்வளவுன்னு சொன்னாங்க?"

"பாதிக்குப் பாதி."

"அதே பாதியா."

"அதேதான்" என்று சொல்லிவிட்டு அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தம்பி குடும்பம் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. மறுநாள் சாயங்காலம் இருவரும் ஏறிப் போனார்கள். தம்பி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். இந்த வீட்டில் கண்ணீர் விடும் ஒரே ஆள் நான்தான் என்று வரவேற்றான். அவன் மனைவி முட்டையை அடித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் இருவரும் பக்கத்து அறையில் பாடம் படிப்பதாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரியவள் சொன்னாள். அவளுக்குக் குரல் இல்லாததால் அவள் பேசினால் எல்லோரும் வாயையே பார்க்கவேண்டும். அது அந்த வீட்டில் பழகிப்போன விஷயம். தம்பி மட்டும் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, என் மூஞ்சியைப் பாரு" என்றான் முடிவில். "அம்மா. கையைப் பாரு. அம்மா. கால் நகம் வரைக்கும் அம்மா. அப்பாகிட்டேருந்து எனக்கு வந்தது கடைச் சாவி ஒண்ணுதான்."

"ஜாடை வேற, இது வேறடா."

"பாதிக்குப் பாதின்னாங்கல்ல? நான் அந்த நல்ல பாதி. நாப்பது தாண்டியாச்சு. ஒரு பரு கூட இல்லை."

"ஒரு ஊசிதானே அண்ணி? ரத்தம் மட்டும்தானே எடுப்பாங்க?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"நீ சும்மா இரு" என்று மனைவியை அடக்கிவிட்டு அக்கா பக்கம் திரும்பினான் தம்பி. "வேற யாருக்கும் இல்லாத கவலை உனக்கு எதுக்கு? வியாபாரம் நடக்குது, பிள்ளைங்க படிக்குது. நல்லாருக்கிற வீட்டுல வந்து ஏன் நோயைத் தேடறே? உனக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா இப்படிப் பேசியிருக்க மாட்டே."

பக்கத்து அறையில் சண்டை நின்றுவிட்டது. தம்பி மனைவி அடுப்பை அணைத்தாள்.

எனக்கென்று ஒன்று இருந்திருந்தால் அதற்கு வந்திருக்காது. உன்னுடையதுக்குத்தான் வரும். அதுதான்டா வித்தியாசம். பெரியவளுக்கு வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சொல்லியிருந்தால் அவன் அந்த இடத்திலேயே வாயடைத்துப் போயிருப்பான். பக்கத்தில் ரசமட்டம் உட்கார்ந்திருந்தார். அவள் எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினாள்.

"மாப்ளே, வெங்காயத்தை நறுக்கு" என்றார் ரசமட்டம். அவரும் பெரியவளும் கீழே இறங்கி வந்தார்கள்.

அடுத்த சில நாள் தம்பி கடையில் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினான். கண்ணாடித் தொழிலில் கோபித்துக்கொண்டு தனியாக வேலை செய்ய வழியில்லை. பலகைக்கு இரண்டு முனை, இரண்டு ஆள். சனிக்கிழமை ரசமட்டம் வெளிவேலைக்குப் போயிருந்தார். ஜன்னல் பலகை ஒன்றை வண்டியில் ஏற்ற அக்காவும் தம்பியும்தான் இருந்தார்கள்.

அவளுக்குக் குரல் போனபின் அவர்கள் ஒரு சைகை முறை வைத்திருந்தார்கள். விரல் மோதிரத்தால் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினால் நில். இரண்டு தட்டினால் தூக்கு. மூன்று என்றால் இறக்கு. இரண்டு தட்டித் தூக்கினார்கள். வாசலைத் தாண்டியதும் காற்று பக்கவாட்டில் வந்து மோதியது. பலகை வளைந்ததைக் கை உணர்ந்தது. அவள் ஒரு தட்டு தட்டினாள். தம்பி நின்றான். இருவரும் பலகையைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, தோளை அதற்கு முட்டுக்கொடுத்து, காற்று ஓயட்டும் என்று காத்திருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் முகம், அந்தப் பக்கம் அவன் முகம். நடுவே விரல்கூடப் பருமன் இல்லாத கண்ணாடி.

"பொண்டாட்டி திங்கக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறாளாம்" என்றான் அவன். "நான் வந்தாலும் சரி, வராட்டியும் சரியாம்."

அவள் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கு எடுத்தாப் போதுமா? எனக்கு இல்லைன்னா அதுங்களைக் குத்த வேண்டாம்ல?"

வேண்டாம் என்று அவள் வாயை அசைத்தாள். கண்ணாடி வழியாக அவன் அதைப் படித்தான்.

"சொல்ல எத்தனை நாள் ஆகும்?"

மூணு வாரம் என்றாள். காற்று நின்றது. அவள் இரண்டு தட்டினாள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. அவனுக்கும் பழுது இருந்தது. ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்ததில் அவன் கழுத்திலும் ஒரு கட்டி இருந்தது. இத்தனை வருஷமாக வெளியே காட்டிக்கொள்ளாமல், அம்மா ஜாடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் அவன் கடையில் எந்தக் கண்ணாடியைக் கடந்தாலும் தாடையைத் தூக்கிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனான். நான் செத்தாலும் பரவாயில்லை, அதுங்களுக்கு இருக்கக் கூடாது என்று அக்காவிடம் சொன்னான். நீ சாகமாட்டே என்றாள் அவள். எனக்கு ஒன்று அறுத்தாகிவிட்டது, இப்போது அடுத்தது வந்திருக்கிறது, நான் செத்தா போய்விட்டேன் என்றாள். நல்ல ஆறுதல் சொல்றே போ என்று அவன் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான்.

பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். படமும் எடுத்தார்கள். முடிவு சொல்ல எல்லோரையும் வரச்சொன்ன நாளில் சலூன் ஒன்றுக்குப் பெரிய கண்ணாடிகள் தர வேண்டியிருந்தது. பெரியவள் காலையிலேயே எழுந்து அதைச் சொன்னாள். ரசமட்டம் இல்லாமல் சலூன் வேலை முடியாது, தம்பி வண்டியை ஓட்டிக்கொண்டு போகட்டும் என்றாள்.

தம்பி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "இன்னைக்கு என்னால ஓட்ட முடியாதுக்கா. மாமா ஓட்டட்டுமே."

வாடகை வண்டி கூப்பிடலாம் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தம்பியின் மூத்தவள் பெரிய பாப்பா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டுவிட்டது. பதினைந்து வயதுப் பெண். சின்ன வயதிலிருந்து கடையில் கண்ணாடி அறுக்கும் மேஜையின் ஓரத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதும். மாமா வரவில்லையென்றால் நானும் வரவில்லை என்றது. யாரும் அதை அதட்டவில்லை. அன்றைக்கு அதட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

பெரியவள் தம்பி கையிலிருந்து சாவியை வாங்கிக் கணவரிடம் கொடுத்தாள். "போயிட்டு வாங்க. அந்த ரூம் சின்னது. நீங்க வெளியவே உக்காந்துக்குங்க."

சரி என்றார் அவர்.

வண்டி போனபின் அவள் கம்பளம் விரித்த மேஜையில் முதல் பலகையைக் கிடத்தினாள். அளவு பிடித்தாள். கட்டரை எண்ணெயில் தொட்டு, அளவுகோலை இடது கையால் அழுத்தி, ஒரே இழுப்பில் கீறினாள். கீறல் சத்தம் ஒரே சீராக வரவேண்டும். விட்டுவிட்டு வந்தால் கண்ணாடி கோணலாகப் பிளக்கும். போன கோட்டின்மேல் இரண்டாம்முறை போகவும் கூடாது. பலகையை மேஜை விளிம்புக்கு இழுத்து வைத்து அழுத்தினாள். சுத்தமாகப் பிரிந்தது. அடுத்ததை எடுத்தாள். சலூன்காரர் வந்து பார்த்துவிட்டு, ஆள் யாரும் இல்லையா என்றார். இருக்கிறார்கள், வருவார்கள் என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். அவள் எழுதிக் காட்டினாள்.

உச்சிவேளையில் வண்டி வந்தது. முதலில் தம்பி மனைவி இறங்கினாள். சின்னவளுக்கு இல்லை. பெரிய பாப்பாவுக்கு இருக்கிறது, கழுத்தில் ஒன்று பட்டாணி அளவில் தெரிகிறது. இப்போதைக்கு அறுக்க வேண்டாம், வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்க்கலாம், இவ்வளவு சின்னதாக இருக்கும்போதே தெரிந்தது நல்லது என்றார்களாம். சொல்லும்போது அவள் குரல் நேராகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் பெரியவளின் தோளில் நெற்றியை ஒருமுறை வைத்து எடுத்தாள்.

தம்பி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். பெரியவள் போய்க் கதவைத் திறந்தாள்.

"பெரிய பாப்பாவும் என் பொண்டாட்டி ஜாடைதானேக்கா" என்றான்.

"ஆமாடா."

"நீ சொல்லலைன்னா தெரிஞ்சே இருக்காது. அன்னைக்கு நான் சொன்னதை..."

"இறங்கு. சலூன்காரர் வந்துட்டுப் போயிட்டார்" என்றாள்.

பெரிய பாப்பா பின்னாலிருந்து வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அழுத மாதிரி தெரியவில்லை. பசியோடு இருந்தது.

"அத்தை, இனிமே நானும் உங்க கட்சி. ஆனா ஒண்ணு, என்னோட முடிஞ்சுது. என் பிள்ளைக்கு வராதாம். அந்த அக்கா படம் போட்டுக் காட்டினாங்க. பொம்பளைகிட்டேருந்து பிள்ளைக்குப் பழுது போனாலும் கட்டி வராதாம். என் பையனோட பிள்ளைக்கு வேணா வரலாமாம். நான் அப்ப கிழவி, எனக்கென்ன."

பெரியவள் பெண்ணின் தலைக்குமேல் பார்த்தாள். ரசமட்டம் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாமாவும் உள்ள வந்தாங்க. நான்தான் இழுத்துட்டுப் போனேன்" என்றது பெண்.

சலூன் கண்ணாடிகளை அன்றே பொருத்திவிட வேண்டும் என்றார் ரசமட்டம். அவரும் தம்பியும் அவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று தம்பி மனைவி மாடியிலிருந்து கூப்பிட்டதற்கு, வந்து சாப்பிடலாம் என்றார். திரும்பி வர நேரமாயிற்று. தம்பி நேரே மாடிக்குப் போனான். ரசமட்டம் பின்கட்டில் கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். கண்ணாடித் தூள் எளிதில் போகாது. எப்போதும் கழுவும் நேரத்தைவிட அதிக நேரம் கழுவினார்.

பெரியவள் ரொட்டியையும் அவித்த முட்டையையும் பருப்பையும் எடுத்து வைத்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சலூன்காரர் பணம் கொடுத்தாரா என்று கேட்டாள். கொடுத்தார் என்றார். ஒரு மூலையில் சுவரே கோணல், அதற்கு அடைப்புக் கொடுத்தோம் என்றார். முட்டையை உடைத்து உரித்தார். ஓட்டைத் தட்டின் ஓரமாகக் குவித்து வைத்தார்.

"அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு உன்னை விசாரிச்சுது" என்றார். "எல்லாத்தையும் அவங்ககிட்ட முதல் நாளே சொன்னேனேன்னுச்சு."

"சொன்னா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

அவர் தலையாட்டினார். தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். மாடியில் சின்னவள் எதற்கோ கத்தினாள், பெரிய பாப்பா பதிலுக்குக் கத்தியது.

"நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாரு" என்றார் ரசமட்டம். "நமக்கு ஒண்ணு பொறந்திருந்தா, அதுக்குக் கட்டி வந்திருக்காது. அப்படித்தானே?"